பொலிவியாவிலிருந்து ஒரு மிஸ்டு கால்

பொலிவியாவுக்குக் கேரளத்தின் மீது இப்படியொரு பாசம் பொங்கும் என்று 2018 ஜூலைக்கு முன்னால் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கடற்கரையே இல்லாத தென்னமெரிக்க நாடு. நமக்கும் அதற்கும் பெண் கொடுத்து எடுத்த சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அந்த மாதம் +591 என்று தொடங்கும் எண்களிலிருந்து மலையாளிகளின் கைபேசிகளுக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு மணி. கையை நீட்டுவதற்குள் கட். கேரளக் காவல்துறை எச்சரித்தது: திருப்பிக் கூப்பிடாதீர்கள், இதற்கு 'வாங்கிரி' என்று ஜப்பானியப் பெயர், கூப்பிட்டால் பணம் போய்விடும்.

யாருடைய பணம் என்பது எச்சரிக்கையில் தெளிவாக இருந்தது. யார் வழியாகப் போகும் என்பது இல்லை.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்களுக்குக் கல்லாறு தெரியும். 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால் வண்டியை நிறுத்தி டீ குடிக்கும் இடம். ஆற்றுக்கும் அதே பெயர்தான். கீழே போய் வாமனபுரம் ஆறாகிறது. மேலே ஏற ஏறக் கைபேசியில் ரேஞ்ச் கோடுகள் ஒவ்வொன்றாக உதிரும். சுற்றுலாக்காரர்கள் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரசைத் திட்டுவார்கள். திட்டக் கூடாது. இந்தியாவின் தொலைபேசிப் பாதுகாப்புக் கொள்கையை நான் புரிந்துகொண்டவரை, முழுப் பாதுகாப்போடு இருக்கும் குடிமகன் அந்த வளைவில் ரேஞ்ச் இல்லாமல் நிற்பவன் ஒருவன்தான். மற்ற எல்லா ஊரிலும் அவனவன் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

கல்லாறில் ஒரு தாய் என்று வைத்துக்கொள்வோம். மகன் கல்ஃபில். இந்த வட்டாரத்தில் அது கற்பனைக்கே வேலை வைக்காத விஷயம். போணக்காடு எஸ்டேட் போன்ற இடங்களில் சம்பளப் பாக்கியைப் பார்த்துப் பார்த்து அலுத்த லயத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் மலையிறங்கி, சிலர் கடலும் தாண்டிவிட்டார்கள். ராத்திரி பதினொன்றரைக்கு பிளஸ் குறி போட்ட ஒரு வெளிநாட்டு எண் ஒரு மணி அடித்துவிட்டு நின்றால் அந்த அம்மா என்ன செய்வாள்? +971 துபாய், +966 சவுதி, +974 கத்தார், +591 பொலிவியா என்று அட்டவணை பார்த்துவிட்டா கூப்பிடுவாள்? பையன் யாரிடமோ போன் வாங்கி அடிக்கிறான், ஏதோ ஆகிவிட்டது என்றுதான் வயிறு பதறும். மோசடிக்காரன் மூலதனமாக்குவது இந்தப் பதற்றத்தை. இதைப் 'பேராசை' என்று சொல்லிக் கடந்து போகும் அறிவாளிகளைப் பிடித்து ஒருநாள் ராத்திரி அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார வைக்க வேண்டும்.

மிஸ்டு கால் என்பதே ஏழையின் கண்டுபிடிப்பு. 2003 வரைக்கும் இந்தியாவில் கைபேசிக்கு அழைப்பு வந்தாலும் காசு. வருகிற அழைப்பு இலவசமானதும் ஜனங்கள் உடனே ஒரு தந்தி முறையை உருவாக்கிவிட்டார்கள். ஒரு மணி அடித்தால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு மணி அடித்தால் வந்து சேர்ந்தேன், மூன்றாவது தடவை அடித்தால் திருப்பிக் கூப்பிடு, என்னிடம் பேலன்ஸ் இல்லை. ஒரு பைசா செலவில்லாத அந்த மொழியை அப்புறம் எல்லோரும் திருடினார்கள். 2011இல் அண்ணா ஹசாரே இயக்கத்துக்கு ஆதரவு மிஸ்டு காலில். 2015இல் பாரதிய ஜனதாவில் உறுப்பினராவது மிஸ்டு காலில். தேசத்தைத் திருத்தவும் கட்சியில் சேரவும் மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லிப் பழக்கிய நாட்டில், மிஸ்டு காலுக்கு மட்டும் பதில் கொடுக்காதே என்று இப்போது பாடம் எடுக்கிறார்கள்.

மோசடியின் வேலைப்பாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை விடுகிறவர்கள் வேகமாகத் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான். நீங்கள் வெளிநாட்டு எண்ணைக் கூப்பிட்டால் உங்கள் கம்பெனி உங்களிடம் நிமிடக் கணக்கில் எடுக்கிறது. தன் பங்கை வைத்துக்கொண்டு, அழைப்பைக் கொண்டுபோகும் இடைக் கம்பெனிக்கு மீதியைத் தருகிறது. அது தன் பங்கை எடுத்துக்கொண்டு அடுத்த கம்பெனிக்கு. கடைசியில் அழைப்பை வாங்கிக்கொள்ளும் கம்பெனிக்கு ஒரு தொகை போய்ச் சேரும். சில சின்ன நாடுகளுக்கும் தீவுகளுக்கும் இந்தக் கடைசித் தொகை தாராளமாக இருக்கும். வியாபாரம் அங்கேதான். எண் வரிசைகளைக் கொத்துக் கொத்தாக வாடகைக்கு விடும் தரகர்கள் இருக்கிறார்கள்; உன் எண்ணில் எத்தனை நிமிடம் ஓடுகிறதோ அத்தனைக்குப் பங்கு என்பது பேச்சு. பல சமயம் அழைப்பு அந்த நாட்டை எட்டுவதே இல்லை. நடுவழியில் யாரோ மடக்கி, எங்கேயோ இருக்கும் ஒரு கணினியில் இறக்கிவிடுகிறார்கள். அது மணி அடிப்பதுபோல ஒரு ஓசையைப் போடும், இல்லையென்றால் பாட்டுப் போடும், காத்திருக்கச் சொல்லும். 'ஹலோ, மோனே' என்று அந்த அம்மா கத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம். பொலிவியாக்காரருக்கு இந்தக் கதையே தெரியாமல் இருக்கலாம்.

அழைத்து வெட்டுகிறவனுக்கோ முதலீடு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எடுக்காத அழைப்புக்குக் கட்டணம் கிடையாது. கணினி ஆயிரமாயிரம் எண்களுக்கு ஒரு மணி அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். 1990களில் அமெரிக்காவில் பேஜரில் 809 என்று தொடங்கும் எண்ணை விட்டு, அது உள்ளூர் எண் என்று நம்பிக் கூப்பிட்டவர்களைக் கரீபியன் தீவுகளுக்குக் கட்டணம் கட்ட வைத்தார்கள். இன்றைக்கும் அதே சரக்குதான்.

இதில் கவனியுங்கள்: மோசடிக்காரன் கல்லாறுக்கு வரவில்லை. அந்த அம்மாவின் பேலன்ஸில் அவன் கை வைக்கவும் முடியாது. எடுத்தது அவளுடைய சொந்தக் கம்பெனி. அவளுக்கு 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று குறுஞ்செய்தி அனுப்பும் அதே கம்பெனி. பத்து ரூபாய் டாப்-அப் போட்டால் பேசக் கிடைப்பது 7 ரூபாய் 47 காசு, மிச்சம் ஜி.எஸ்.டி., சேவைக் கட்டணம். ஆக, கொள்ளை போவதற்கு முன்னாலேயே அந்தப் பணத்துக்கு 18 சதவீத வரி கட்டிவிட்டுத்தான் கொள்ளை கொடுக்கிறாள். அரசுக்கும் பாக்கி இல்லை, கம்பெனிக்கும் பாக்கி இல்லை, இடைக் கம்பெனிகளுக்கும் பாக்கி இல்லை. எல்லோரும் அவரவர் ரசீதோடு இருக்கிறார்கள். குற்றவாளி என்று மிஞ்சுவது திருப்பிக் கூப்பிட்ட அந்தக் கிழவிதான். ஏன் கூப்பிட்டாள்? விழிப்புணர்வு இல்லை.

கல்லாறில் வட்டக்கயம் என்று ஒரு ஆழமான இடம் உண்டு. குளிக்க இறங்கிய பலரின் உயிர் அங்கே போயிருக்கிறது. அபாயம், இறங்காதே என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பலகை நியாயம். மூழ்குகிறவனிடமிருந்து ஆறு கமிஷன் எடுப்பதில்லை, அடுத்த ஆற்றோடு பங்கு பிரிப்பதில்லை, மாதக் கடைசியில் கணக்கு முடிப்பதில்லை. தொலைபேசிக் கம்பெனி வைக்கிற பலகையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா?

வேறு வழியே இல்லையென்றால் பலகையோடு விட்டுவிடலாம். வழி இருக்கிறது. ஜெர்மனியில் இதே ஒற்றை மணி மோசடி பெருகியபோது அங்கத்திய ஒழுங்குமுறை அமைப்பு ஜனங்களுக்கு உபதேசம் செய்வதோடு நிற்கவில்லை. 2018 ஜனவரியிலிருந்து, மோசடிக்குப் பேர்போன இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் எண்களை யாராவது கைபேசியில் கூப்பிட்டால், இணைப்புக் கொடுப்பதற்கு முன்னால் நிமிடத்துக்கு எவ்வளவு என்று இலவசமாக அறிவிக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. மோசடி என்று தெரிந்த எண்களுக்கான தொகையை வாடிக்கையாளரிடம் பில் போடக் கூடாது, வசூலிக்கக் கூடாது என்றும் தடை போடுகிறது. காசு ஓடும் குழாயை மூடினால் மணி அடிக்கிறவனுக்கு வேலையில்லை என்ற சின்ன உண்மை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே அந்த உத்தரவு நடைமுறைக்கு வந்து ஆறு மாதம் கழித்து இங்கே காவல்துறை 'கூப்பிடாதீர்கள்' என்று முகநூலில் எழுதிக்கொண்டிருந்தது. காவல்துறை என்ன செய்யும், பாவம். பில் போடுகிறவனைப் பிடிக்க அவர்களுக்கு அதிகாரம் கிடையாது.

அதிகாரம் உள்ளவர்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய். அவர்கள் தூங்கினார்கள் என்று சொன்னால் அபாண்டம். 2012 செப்டம்பரிலேயே விழித்தார்கள். வெளிநாட்டு மிஸ்டு கால் தொல்லை அப்போதே இருந்தது. பிரீபெய்டு வாடிக்கையாளர்களுக்கு எச்சரிக்கைச் செய்தி அனுப்புங்கள், வெளிப்படையாகச் சம்மதம் தராதவர்களுக்கு ஐ.எஸ்.டி. வசதியை நிறுத்துங்கள் என்று கம்பெனிகளுக்கு உத்தரவிட்டார்கள். நல்ல உத்தரவு, காகிதமும் நல்ல காகிதமாகத்தான் இருந்திருக்கும். ஆறு வருடம் கழித்துப் பொலிவியா மணி அடிக்கிறது. சம்மதம் என்பது நம் ஊரில் எப்படி வாங்கப்படுகிறது என்று தெரிந்தவர்களுக்கு வியப்பிருக்காது. காலர் டியூன் விளம்பரக் குரல் ஓடும்போது தெரியாத்தனமாக விரல் நட்சத்திரக் குறியில் பட்டாலே மாதச் சந்தா ஆரம்பித்துவிட்ட காலமும் இருந்தது. கூடுதல் சேவைகளுக்கு இரண்டு தடவை சம்மதம் வாங்க வேண்டும் என்று 2013இல் ட்ராய் தனியாக ஒரு உத்தரவே போட நேர்ந்தது.

இனி வருவது இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

2019ஆம் ஆண்டு. அப்போது ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் இன்னொரு கம்பெனியின் வாடிக்கையாளரைக் கூப்பிட்டால், கூப்பிட்டவரின் கம்பெனி மற்றதற்கு நிமிடத்துக்கு 6 பைசா தர வேண்டும். அந்த வருடம் ஏர்டெல் ட்ராயிடம் போய் அழுதது: ஜியோ தன் அழைப்புகளில் மணி அடிக்கும் நேரத்தை 20 விநாடியாகக் குறைத்துவிட்டது, எங்கள் வாடிக்கையாளர் எடுப்பதற்குள் கட்டாகிவிடுகிறது, அவர் மிஸ்டு காலைப் பார்த்துத் திருப்பிக் கூப்பிடுகிறார், 6 பைசா நாங்கள் கொடுக்க வேண்டியதாகிறது. ஜியோ தன் தவறில்லை என்றது, உலக வழக்கமே 15, 20 விநாடிதான் என்றது. அப்புறம் ஏர்டெல் என்ன செய்தது? மக்கள் நலன் கருதித் தன் மணியை நீட்டித்ததா? தானும் 25 விநாடியாகக் குறைத்தது. வோடஃபோன் ஐடியாவும் குறைத்தது. ஜியோ திரும்ப எழுதிய கடிதத்தில், மற்றவர்கள் தரைவழி எண்களைக் கைபேசி எண்களாகக் காட்டி 6 பைசாவைச் சுருட்டுகிறார்கள் என்று எதிர்க் குற்றச்சாட்டு. 2019 நவம்பரில் ட்ராய் பஞ்சாயத்து செய்து, கைபேசிக்கு 30 விநாடி, தரைவழிக்கு 60 விநாடி என்று அளந்து கொடுத்தது.

யார் சொன்னது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். மணியைச் சீக்கிரம் வெட்டினால் ஜனங்கள் திருப்பிக் கூப்பிடுவார்கள், திருப்பிக் கூப்பிட்டால் எதிராளி காசு கொடுக்க வேண்டும் என்ற நுணுக்கம் இந்தக் கனவான்களுக்கு எவ்வளவு சுத்தமாகத் தெரிந்திருக்கிறது பாருங்கள்! பொலிவியா எண்ணைக் காட்டி எவனோ செய்தால் மோசடி, காவல்துறை எச்சரிக்கை, ஜப்பானியப் பெயர். மும்பையிலும் டெல்லியிலும் கோட்டுப் போட்டவர்கள் ஒருவர்மேல் ஒருவர் அதையே சுமத்திக்கொண்டால் 'துறை சார்ந்த கருத்து வேறுபாடு'. 6 பைசா போகிறது என்றதும் கடிதம், பதில் கடிதம், ட்ராய் உத்தரவு, விநாடிக் கணக்கு. கல்லாறு அம்மாவுக்கு ஒரே இரவில் பேலன்ஸ் முழுக்கப் போனால் முகநூலில் ஒரு மீம்.

சட்டையைச் சலவை செய்து போட்டுக்கொண்டால் இதே தொழிலை வரவேற்பறையிலேயே நடத்தலாம் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2007இல் ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சியின் 'கோன் பனேகா குரோர்பதி' நிகழ்ச்சியோடு ஒரு எஸ்.எம்.எஸ். போட்டி நடந்தது. சாதாரண எஸ்.எம்.எஸ்.ஸைவிடக் கூடுதலாக, ஒன்றுக்கு 2 ரூபாய் 40 காசு. சுமார் 5 கோடியே 80 லட்சம் எஸ்.எம்.எஸ். குவிந்தது. சுமார் 13 கோடியே 92 லட்சம் ரூபாய். கொடுத்த பரிசு மொத்தம் 1 கோடியே 4 லட்சம். பரிசு இலவசம்போலக் காட்டிவிட்டு ஜனங்களின் காசிலிருந்தே கொடுத்தார்கள் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் ஸ்டாருக்கும் ஏர்டெலுக்கும் 1 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2019இல் உச்ச நீதிமன்றம், அதற்குச் சான்று போதாது என்று சொல்லி அந்த உத்தரவை ரத்து செய்தது. சட்டப்படி குற்றமில்லை, தலைவணங்குகிறேன். கணக்கை மட்டும் இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். நம் தமிழ்ச் சேனல்களில் நள்ளிரவு தாண்டி, ஒரு நடிகரின் மூக்கையும் இன்னொருவரின் மீசையையும் ஒட்டிப் போட்டு, 'யாருன்னு சொல்லுங்க, லைன் காலியா இருக்கு, சீக்கிரம் கூப்பிடுங்க' என்று ஒரு பெண் மணிக்கணக்கில் கெஞ்சிக்கொண்டிருந்தது நினைவிருக்கும். ஊருக்கே தெரிந்த விடை. ஆனால் லைன் கிடைத்தவர்கள் மட்டும் எப்படியோ தப்பாகவே சொல்வார்கள். மற்றவர்கள் காத்திருப்பில், மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்ற பழைய கணக்கையே 28 நாள் ரீசார்ஜ் போட்டுப் பதின்மூன்றாக்கிய துறை இது. 2022இல் ட்ராய் தலையிட்டு, 30 நாளுக்கும் ஒரு திட்டமாவது வையுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. மாதம் என்றால் என்ன என்று ஒரு துறைக்கு அரசு உத்தரவு போட்டு விளக்கிய நாடு வேறு எங்காவது உண்டா தெரியாது. தொடக்கமே அப்படித்தான். 1995 ஜூலை 31ஆம் தேதி இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பை ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து செய்தார். எதிர்முனையில் எடுத்தவர் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராம். அடுத்த வருடம் சி.பி.ஐ. அவர் வீடுகளில் கோடிக்கணக்கில் ரொக்கத்தை அள்ளியது. பின்னாளில் ஊழல் வழக்குகளில் தண்டனையும் பெற்றார். தெரியாத ஆளின் போனை எடுக்காதே என்கிறார்கள். நன்றாகத் தெரிந்த ஆளிடம் போன போனின் லட்சணம் இது.

அரசு சும்மா இல்லை, நிறையச் செய்கிறது. *401# வரிசையில் எண்ணை அழுத்தச் சொல்லி உங்கள் அழைப்புகளையெல்லாம் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும் மோசடி பெருகியதும், 2024 ஏப்ரலில் அந்த முறையையே நிறுத்தி வைத்தது. 'சக்ஷு' என்று புகார்ப் பக்கம் திறந்தது. வெளிநாட்டிலிருந்து இந்திய எண் வேஷம் போட்டு வரும் அழைப்புகளைத் தடுக்கும் ஏற்பாட்டை 2024 அக்டோபரில் தொடங்கிவைத்து, முதல் 24 மணி நேரத்தில் 1 கோடியே 35 லட்சம் அழைப்புகளைத் தடுத்துவிட்டோம் என்று மார்தட்டியது. சபாஷ். முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும் அதே கோடி அழைப்புகள் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தன? காவலாளிக்கு விருது கொடுக்கும் முன் கதவு அதுவரை ஏன் திறந்திருந்தது என்று கேட்கிற வழக்கம் நமக்கு இல்லை. அப்புறம் அமிதாப் பச்சன் குரலில் சைபர் எச்சரிக்கை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாலும் அவர் பேசி முடித்த பிறகுதான் மணி அடிக்கும் என்று ஜனங்கள் கதறி, 2025 ஜூனில் அது நின்றது. மோசடியைத் தடுக்க எல்லோருடைய நேரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். கம்பெனிகளிடமிருந்து ஒரு பைசா எடுத்ததாகத் தெரியவில்லை.

கம்பெனிகள்மேல் கை வைக்கும் நாள் வரும்வரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுக்குப் பேசும் தேவையில்லாதவர்கள் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு ஐ.எஸ்.டி.யை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தியாகிவிட்டது என்ற குறுஞ்செய்தி வரும்வரை விடாதீர்கள். பிள்ளைகளின் எண்களைப் பிளஸ் குறியோடும் நாட்டுக் குறியீட்டோடும் பெயர் போட்டுச் சேமித்து வையுங்கள். அவர்கள் வேறு எண்ணிலிருந்து அடித்தால் வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை போடச் சொல்லுங்கள். தெரியாத வெளிநாட்டு எண் ஒரு மணியோடு நின்றால், உண்மையாக வேண்டியவர் மறுபடி அடிப்பார். பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள், சீக்கிரம். கூடவே கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்: இந்த எண்ணுக்கு என்னிடம் எடுத்த தொகையில் உங்கள் பங்கு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், மோசடி என்று தெரிந்த பிறகும் ஏன் கொடுத்தீர்கள்? பதில் வராது. கேளுங்கள்.

கல்லாறுக் காட்டின் மொட்டமூடு குடியிருப்பில் வாழும் காணிப் பெண் லட்சுமிக்குட்டிக்கு, விஷமுறிவு வைத்தியத்துக்காக 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கான மூலிகை மருந்துகளை ஏட்டில் எழுதாமல் நினைவிலேயே வைத்திருப்பவர். கடிபட்டு வருகிறவருக்கு அவர் செய்வது வைத்தியம். நம் ட்ராயோ எந்தப் பாம்பு என்று தெரிந்த பிறகும், கடிபட்டவனுக்குக் கால் வைத்து நடக்கும் முறை பற்றி வகுப்பு எடுக்கிறது.

கம்பெனிகளுக்கு என் கோரிக்கை சின்னது. அடுத்த தடவை 'மோசடி அழைப்புகளிடம் எச்சரிக்கையாக இருங்கள்' என்று எங்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும்போது, போன மாதம் அப்படிப்பட்ட அழைப்புகளால் உங்களுக்கு வந்த வருமானத்தையும் அதிலேயே போட்டு அனுப்புங்கள். தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்துதான் இடம் என்பது தெரியும். அன்புள்ள வாடிக்கையாளரே என்பதை வெட்டிவிட்டால் தொகை அடங்கும்.